விழாத ஸஞ்சனா

முழங்கால் கவசங்கள் காயவில்லை.

மாடிக் கொடியில் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. கீழே அம்மா வைத்திருந்த வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. மைசூரில் முந்தின நாளிலிருந்து விடாத தூறல். ஸஞ்சனா கொடியைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், கடைசியில் அம்மாவைப் பார்த்தாள்.

"என்னை எதுக்குப் பாக்கறே?" என்றாள் அம்புஜவல்லி. "நாலு ஊர்க்காரா வர இடம். அந்த நாத்தத்தோட நீ போய் நின்னா உன்னையா சொல்லுவா? பெத்தவளைத்தான் சொல்லுவா."

இன்னும் இரண்டு மணி நேரத்தில் ஸஞ்சனா அந்தக் கவசங்களை மாட்டிக்கொண்டு ரோலர் டெர்பி மாநாட்டில் முதல் வகுப்பு எடுக்க வேண்டும்.

ரோலர் டெர்பி என்றால் என்னவென்று அந்த வீட்டில் யாருக்கும் முழுதாகத் தெரியாது. பெண்கள் நாலு சக்கரம் வைத்த காலணியை மாட்டிக்கொண்டு வட்டப் பாதையில் ஓடுவார்கள். ஒருத்தி எதிரணிக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போக வேண்டும். கூட்டம் அவளைத் தோளாலும் இடுப்பாலும் இடித்துத் தடுக்க வேண்டும். மேல்கோட்டைக் கோயில் வைரமுடி சேவைத் திருவிழாக் கூட்டத்தின் காலில் சக்கரம் கட்டிவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி என்று அப்பா ரங்கராஜ் தன் ஆபீசில் விளக்கியிருந்தார். இந்த வருஷம் நாடு முழுக்க இருக்கிற அணிகள் மைசூரில் கூடுகின்றன. வகுப்புகள், ஆட்டங்கள், புதியவர்களுக்கு யோசனைகள் என்று இரண்டு நாள் மாநாடு.

மாநாட்டுக் குழுவிலிருந்து ஸ்ரீதேவி என்ற பெண் ஃபோன் செய்தபோது ஸஞ்சனா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கையெல்லாம் சாத்தமுது சாதம். அதனால் ஸ்பீக்கரில் போட்டாள். அன்று செய்த தப்பு அது ஒன்றுதான்.

ஸ்ரீதேவிக்குக் கொங்கு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கம். நிதானமாக, மரியாதையாகப் பேசினாள். "முதல் வகுப்பு நீங்கதானுங்க எடுக்கோணும். புதுசா வர்றவங்களுக்கு. தயாரிப்பெல்லாம் ஒண்ணும் வேண்டாமுங்க, எப்பவும் செய்யறதைச் செஞ்சாப் போதும்."

ஸஞ்சனா வாயிலிருந்த சாதத்தை விழுங்குவதற்குள் அப்பா கை அலம்பிவிட்டு வந்து, ஃபோனுக்கு நேராகக் குனிந்து, குழந்தை கட்டாயம் வருவாள் என்று சொல்லிவிட்டார். குழந்தைக்கு இருபத்தைந்து வயது.

விஷயம் என்னவென்றால், மைசூர் அணியிலேயே மோசமான ஆட்டக்காரி ஸஞ்சனாதான். இதை அவள் அடக்கத்துக்காகச் சொல்வதில்லை, அணியே சொல்லும். மற்றவர்கள் ஆடுவார்கள், இவள் விழுவாள். இடித்தால் விழுவாள், இடிக்க யாராவது வருவதைப் பார்த்தாலே விழுவாள். ஒரு தடவை குழுப்படம் எடுக்க வரிசையாக நிற்கும்போது விழுந்தாள். அந்தப் படத்தில் அவள் இருந்த இடத்தில் பின்னால் நின்ற ஸ்கூட்டர்தான் தெரியும். ஞாயிறு முழுக்க விழுந்து எழுந்துவிட்டு, திங்கட்கிழமை கம்பெனி பஸ் ஏறி மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலைக் கணக்குப் பிரிவுக்குப் போவாள். ஆனால் ஒரு ஞாயிறுகூட அவள் போகாமல் இருந்ததில்லை. வீட்டில் இது எதுவும் தெரியாது. கட்டும் காயமும் இல்லாமல் வீடு திரும்புகிற பெண் நன்றாகத்தான் ஆடுகிறாள் என்று பெற்றவர்கள் நினைத்தால் அதில் குற்றமில்லை.

அப்படியானால் இந்த அழைப்பு யாருக்கு? ஸஞ்சனா அன்று படுக்கப் போகுமுன்பே கண்டுபிடித்துவிட்டாள். பெங்களூரில் இன்னொரு ஸஞ்சனா இருந்தாள். ஸஞ்சனா ராவ். எதிரணி சுவர்மாதிரி நின்றாலும் தண்ணீர்மாதிரி ஊடே போய்விடுவாள். அவள் தரையைத் தொட்டதே கிடையாது என்று எல்லா அணிகளும் சொல்லும். அவளும் 'ஸஞ்சனா ஆர்.', ரங்கராஜ் பெண்ணும் 'ஸஞ்சனா ஆர்.' ஸ்ரீதேவி அவசரத்தில் எண்ணை மாற்றி அழுத்திவிட்டாள். வேறென்ன இருக்க முடியும்?

காலையில் அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று கூடத்துக்கு வந்தாள். அப்பா ஏற்கனவே மேல்கோட்டைக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

மேல்கோட்டையில் இருப்பவர் ஆழ்வார் பெரியப்பா. அப்பாவின் அண்ணா. போன வருஷம் ஒரு கல்யாணப் பந்தியில், அத்தனை பேர் எதிரில், பி.காம். படித்த பெண் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ரோட்டில் உருள்கிறாளாமே, அவளுக்கு ஒரு வரன்கூடவா உனக்கு அகப்படலை என்று கேட்டார். அப்பா அன்றைக்குப் பாயசத்தைத் தொடாமல் எழுந்து வந்தார். அந்தப் பாயசத்துக்கு இப்போதுதான் பதில் கிடைத்திருந்தது. "நாட்டுக்கே பாடம் நடத்தப் போறா அண்ணா. நீங்களே வந்து கண்ணாலே பாருங்கோ," என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெரியப்பா வருகிறேன் என்றுவிட்டார்.

ஸஞ்சனா திரும்பிப் போய்விட்டாள். விழுவது அவளுக்குப் பழக்கம். அப்பா விழுந்து அவள் பார்த்ததில்லை.

அப்பாவுக்குத் தெரியாமல் இதைச் சரிசெய்ய வேண்டும். முதலில் ஸ்ரீதேவியைக் கூப்பிட்டாள். தன்னைவிடத் தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், இன்னொரு தடவை யோசித்துப் பாருங்கள் என்றாள். ஸ்ரீதேவி சிரித்தாள். "இப்படித்தான் சொல்லுவீங்கன்னு உங்க அணியிலயே சொன்னாங்கக்கா," என்று சொல்லிவிட்டு, அரை மணி நேரமாக இருந்த வகுப்பை ஒரு மணி நேரமாக்கினாள்.

அடுத்ததாக ஸஞ்சனா ராவுக்கே ஒரு செய்தி அனுப்பினாள். முகம் தெரியாதவளுக்கு என்ன எழுதுவது? மைசூர் மாநாட்டில் முதல் வகுப்பின்போது நீங்கள் இருந்தே ஆக வேண்டும், ரொம்ப முக்கியம் என்று எழுதினாள். உடனே பதில் வந்தது: 'கட்டாயம் வருவேன். முதல் வரிசையில் இருப்பேன்.' ஸஞ்சனா அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். ராவ் வந்ததும் மைக்கை அவள் கையில் கொடுத்துவிட வேண்டியது. பெரிய ஆட்டக்காரிக்குத் தன் பெண் வழிவிட்டாள் என்று அப்பா பெரியப்பாவிடம் சொல்லிக்கொள்வார். கௌரவமாகவே முடிந்துவிடும்.

முடிந்திருக்கும், மாநாட்டுக்காரர்கள் 'கலந்துகொள்பவர்களுக்குச் சில யோசனைகள்' என்று ஒன்றை எல்லோருக்கும் அனுப்பாமல் இருந்திருந்தால். அப்பா அதைத் தினமும் காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்து சத்தமாகப் படித்தார்.

உங்கள் பொருள்களில் பெயர் எழுதி வையுங்கள் என்றிருந்தது. அப்பா ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய், கடைப் பலகை எழுதுகிறவரிடம் கொடுத்தார். அது மஞ்சள் எழுத்தில் 'குமாரி ஸஞ்சனா, பி.காம்., ரங்கராஜ் அவர்களின் மகள், சரஸ்வதிபுரம்' என்று முழு விலாசத்தோடு திரும்பி வந்தது. இடம் மிச்சமிருந்ததால் எழுதியவர் ஒரு பக்கம் சங்கும் மறுபக்கம் சக்கரமும் போட்டுக் கொடுத்திருந்தார்.

தனியாக வராதீர்கள், தெரிந்தவர்களோடு வாருங்கள் என்றிருந்தது. அப்பா மேல்கோட்டையிலிருந்து ஒரு வேன் ஏற்பாடு செய்தார்.

உங்கள் உணவை நீங்களே கொண்டுவருவது நல்லது என்றிருந்தது. அம்மா இரண்டு பெரிய தூக்கு நிறையப் புளியோதரை கலந்தாள்.

கவசங்களைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றும் இருந்தது. அதனால்தான் மாடிக் கொடி.

"ஹேர் டிரையர் இருக்கே," என்றார் அப்பா. பக்கத்து வீட்டில் வாங்கி வந்தார். அம்மா கீழே இஸ்திரிப் பெட்டியைப் போட்டிருந்தாள். இவர் மேலே டிரையரைப் போட்டார். வீடு முழுக்க மின்சாரம் போய்விட்டது.

அம்மா அசரவில்லை. அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டு, நன்றாகக் காயவிட்டு, அணைத்துவிட்டு, அதன்மேல் ஒரு கவசத்தை வைத்தாள். அப்பளம் நமத்துப்போனால் அப்படித்தான் செய்வாள். கவசம் காய்ந்தது. அதன் பட்டியும் காய்ந்து, சுருண்டு, பக்கோடாமாதிரி ஆகிவிட்டது. காலைச் சுற்றிக் கட்ட ஒன்றும் இல்லை.

ஸஞ்சனா உட்கார்ந்துவிட்டாள். இதுதான் சமயம் என்று, கவசம் இல்லாமல் களத்தில் இறங்கக் கூடாது என்பது விதி, நான் போகவில்லை என்று சொல்லிப் பார்த்தாள். அப்பா உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் அவருடைய கல்யாண வேட்டியிலிருந்து கிழித்த கரை இருந்தது. மயில்கண் கரை. முழங்காலில் சுற்றி இறுக்கமாகக் கட்டிவிட்டார். கட்டிவிட்டு நிமிர்ந்தபோது அவர் கண் நிறைந்திருந்தது.

ஸஞ்சனா எழுந்து பையை எடுத்துக்கொண்டாள்.

அரங்கம் நிறைந்திருந்தது. புனே, கொச்சி, சென்னை என்று எங்கெங்கிருந்தோ பெண்கள். கையிலும் காலிலும் பச்சை குத்தினவர்கள், தலைமுடிக்கு நீலம் அடித்தவர்கள். வாசலில் அவர்களுக்கு நடுவில் மேல்கோட்டை வேன் வந்து நின்றது. திருமண் இட்டுக்கொண்ட ஆழ்வார் பெரியப்பா இறங்கினார். நீல முடிக்காரி ஒருத்தி ஓடி வந்து கைகொடுத்து அவரை இறக்கிவிட்டாள். பெரியப்பா அவள் தலையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, தீர்க்காயுசா இரு என்றார்.

பதிவு மேசையில் ஸ்ரீதேவி இருந்தாள். ஸஞ்சனா குனிந்து, ஒரு நிமிஷம் தனியாகப் பேச வேண்டும் என்று ஆரம்பித்தாள். பின்னாலிருந்து அப்பா, "இவதான் டீச்சர்," என்று அரங்கத்துக்கே கேட்கும்படி சொன்னார். ஸ்ரீதேவி எழுந்து நின்று கும்பிட்டு, மைக்கைக் கையில் கொடுத்தாள். வரிசையில் இருந்தவர்கள் வழிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் ஸஞ்சனா சக்கரக் காலணியை மாட்டிக்கொண்டு களத்தை நோக்கிப் போனாள்.

முதல் வரிசையில் ஸஞ்சனா ராவ் உட்கார்ந்திருந்தாள். சொன்னபடி வந்திருந்தாள். ஒரு பெரிய ஜாக்கெட்டைத் தோளோடு போர்த்தியிருந்தாள். அவளைப் பார்த்த நிம்மதியில் ஸஞ்சனா ஒரு பெருமூச்சு விட்டாள். பெருமூச்சு விட்டதில் சமநிலை போய்விட்டது. களத்துக்குள் காலை வைத்த இடத்திலேயே விழுந்தாள். எப்போதும்போல் சுருண்டு விழுந்தாள், எப்போதும்போல் எழுந்தாள்.

அரங்கம் கைதட்டியது.

ஸஞ்சனாவுக்குக் காது சிவந்தது. மேலே பார்வையாளர் படிகளிலிருந்து பெரியப்பாவின் குரல் கேட்டது. "என்னடா ரங்கா, டீச்சர் விழுந்துட்டாளா?"

"விழலை அண்ணா," என்றார் அப்பா. "களத்தைச் சாஷ்டாங்கமா சேவிச்சுட்டுத்தான் ஆரம்பிப்பா. நம்மாத்துக் குழந்தை இல்லையா?"

பெரியப்பா மெச்சிக்கொண்டதுபோல் ஒரு சத்தம் வந்தது. ஸஞ்சனா எழுந்த வேகத்தில் முழங்காலில் கட்டியிருந்த மயில்கண் கரை அவிழ்ந்தது. அவள் நகர நகர அதுவும் பின்னாலேயே வந்தது. அதன் நுனி பின்சக்கரத்தில் மாட்டியது. இந்தத் தடவை ஒரு விளம்பரப் பதாகையையும் சேர்த்துக்கொண்டு விழுந்தாள். பதாகைக்கு அடியிலிருந்து சுருண்டு உருண்டு வெளியே வந்து எழுந்து நின்றாள்.

கைதட்டல் இன்னும் பலமானது. எல்லோரும் ஃபோனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். பின்வரிசையிலிருந்து யாரோ "ஒன்ஸ் மோர்" என்று கத்தினார்கள்.

"மறுபடியுமா சேவிக்கறா?" என்றார் பெரியப்பா. அவர் குரலில் இப்போது உண்மையான கவலை. "நாம தென்கலை, ஒரு தடவைதானே சேவிக்கறது? ரெண்டு தரம் சேவிக்கற வழக்கம் வடகலைக்காராளோடது ஆச்சே. இவளுக்கு யார் கத்துக்கொடுத்தா?"

ஸஞ்சனா திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கலைகளுக்கு நடுவில் அப்பா மாட்டிக்கொண்டிருந்தது பார்க்காமலே தெரிந்தது. இனி ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. நேரே முதல் வரிசைக்குப் போனாள், கடைசி நொடியில் நிறுத்த முடியாமல் ஸஞ்சனா ராவின் காலடியிலேயே மூன்றாவது தடவையாக விழுந்தாள். எழுந்து மைக்கை நீட்டினாள்.

"தயவுசெஞ்சு நீங்க எடுத்துக்கோங்கோ," என்றாள் மெதுவாக.

ஸஞ்சனா ராவ் கண்ணை விரித்துப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். ஜாக்கெட்டுக்கு வெளியே இருந்த இடது கையை நெஞ்சில் வைத்து, முடியாது, நீங்களேதான் என்பதுபோல் களத்தின் நடுவைக் காட்டினாள்.

ஆக, அதுவும் போயிற்று. அத்தனை முகங்களும் அவளையே பார்த்தன. மேலே, கரை போன வேட்டியின் நினைப்பில் மடியைத் தடவிக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரியப்பா.

ஸஞ்சனா களத்தின் நடுவுக்கு வந்தாள். விழாமல் வந்தாள். அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மைக்கை வாயருகில் பிடித்து, கன்னடமும் இங்கிலீஷும் தமிழும் கலந்து, ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

"நீங்க கூப்பிட்டது என்னை இல்லே. அவங்களை. பேர் ஒண்ணா இருந்ததிலே தப்பு நடந்திருக்கு. எனக்கு அது முன்னாலேயே தெரியும், சொல்லத் தைரியம் வரலே. நான் எங்க அணியிலேயே மோசமான ஆட்டக்காரி. ஒன்றரை வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம விழறேன். இன்னிக்கு நீங்க பாத்ததுதான், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆனா..." கொஞ்சம் நிறுத்தினாள். இதைச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. "ஆனா விழுந்த இடத்திலேயே ஒரு நாளும் உக்காந்துட்டதில்லே. அது என் ஆட்டம். அதுக்கு நான் வெக்கப்படலே. எங்கப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. அவரை யாரும் தப்பா நினைக்காதீங்கோ."

பெரியப்பாதான் முதலில் திரும்பினார். "ரங்கா, என்னடா இது?"

அப்பா மெதுவாக எழுந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. அந்தக் கல்யாணப் பந்தியில் எழுந்ததுமாதிரியே எழுந்தார். ஆனால் இந்தத் தடவை வெளியே போகவில்லை.

"கேட்டேளோன்னோ அண்ணா," என்றார். குரல் கடைசி வரிசைவரை கேட்டது. "யாரும் கேக்காமலே தானா சொன்னா. இத்தனை பேர் முன்னாலே. சக்கரத்துமேலே நின்னுண்டு. அது எம் பொண்ணு."

சொல்லிவிட்டு உட்காரவும் இல்லை. நின்றபடியே இருந்தார். பெரியப்பா தம்பியை ஒரு தடவை பார்த்தார், களத்தில் நிற்பவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு கைத்தடியை ஊன்றி அவரும் எழுந்து நின்றார். அம்புஜவல்லி புளியோதரைத் தூக்கை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்தாள். வேனில் வந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். நம்மாத்துக் குழந்தை நிற்கும்போது நாம் எப்படி உட்காருவது என்பதுபோல் மேல்கோட்டை மொத்தமும் நின்றது.

ஸஞ்சனா மைக்கைத் திருப்பிக் கொடுக்க ஸ்ரீதேவியைத் தேடினாள். ஸ்ரீதேவி களத்தின் ஓரத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். மைக்கை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டாமல், எந்த அவசரமும் இல்லாமல் சொன்னாள்:

"தெரியுமுங்கக்கா. அந்த ஸஞ்சனா போன மாசம் முதல் தடவையா விழுந்தாங்க, வலது கை ஒடைஞ்சுபோச்சு. விழறது எப்படின்னு சொல்லிக்கொடுக்க, ஒன்றரை வருசமா விழுந்தும் ஒரு சிராய்ப்புகூட இல்லாத மைசூர் ஸஞ்சனாதான் வேணும்னு உங்களைக் கேட்டதே அவங்கதானுங்க."